சுவர் வேர்த்தால் யார் மேல் குற்றம்?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குழுக்களில் இப்போது வரும் கடன் மனுக்களைப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. கறவை மாடு, பெட்டிக்கடை, பிள்ளையின் காலேஜ் பீஸ் என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், "மகள் வெளிநாடு போறா" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். படிக்கப் போகிறவள், நர்ஸ் வேலைக்குப் போகிறவள், வீட்டுக்காரரோடு போகிறவள் என்று பல வகை. டிக்கெட் பற்றிப் பேசுகிறோம், விசா பற்றிப் பேசுகிறோம். போய் இறங்குகிற வீடு எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் பேசுவதில்லை.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு உறுப்பினருக்கு இங்கிலாந்திலிருந்து மகள் போன் செய்தாளாம். "அம்மா, சுவரெல்லாம் வேர்க்குதும்மா. துணி மூணு நாளானாலும் காய மாட்டேங்குது. கட்டிலுக்குப் பின்னாடி கறுப்பா பூசணம் பிடிச்சிருக்கு" என்றாளாம். அம்மா சொன்ன பதில்: "நல்லாத் துடைச்சுச் சுத்தமா வச்சுக்கடி." இந்தப் பதில் போதுமா என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

குளிர் தேசத்துக்குப் போவது நம் சீமைக்குப் புதுசு இல்லீங்க. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985ல்தான். அதற்கு முன் நாம் மதுரை ஜில்லா. அந்த மதுரை ஜில்லாவிலிருந்தும், திருச்சி, சேலம், ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கமிருந்தும் லட்சக்கணக்கான பேர் கண்டிச் சீமைக்குப் போனார்கள். 1830களில் அங்கே காப்பித் தோட்டம் பெருகியது. காப்பிப் பழம் பறிக்கிற சில மாதம் இருந்து உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். 1869ல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் விழுந்தது. அடுத்த இருபது வருடத்தில் காப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. தேயிலைக்கு வருடம் பூராவும் கொழுந்து கிள்ளணும். அதற்குப் பெண்களின் கை வேணும். அதனால் குடும்பம் குடும்பமாகப் போய் அங்கேயே தங்கினார்கள்.

யோசித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் கல் வெடிக்கிற நம் கரிசல், செவல் காட்டிலிருந்து புறப்பட்டவர்கள். போய்ச் சேர்ந்த நுவரெலியா பக்கம் கடல் மட்டத்துக்கு மேலே ஆறாயிரம் அடிக்கும் அதிகம். நம் கொடைக்கானலைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. வருடத்தில் இரண்டு பருவமழை. காலையில் கதவைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வரும்.

அவர்களுக்குக் கொடுத்த வீட்டுக்கு லயம் என்று பெயர். குதிரை லாயம் மாதிரி வரிசையாகக் கட்டியது. ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் ஒடுக்கமாய் ஒரு வாசல் திண்ணை. பல லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை. அப்படியானால் பின்சுவரில் ஜன்னல் எங்கே வைப்பது? கதவு ஒன்றுதான் வழி. மேலே தகரம். ராத்திரி தகரம் குளிர்ந்துபோகும். உள்ளே படுத்திருக்கிற ஐந்தாறு பேர் விடுகிற மூச்சு அதில் பட்டு, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். மழை பெய்யாத நாளிலும் பாய் நனையும்.

குளிருக்கு என்ன கொடுத்தார்கள்? கம்பளி. முரட்டுக் கறுப்புக் கம்பளி. பகலில் அதையே தலையில் கொங்காணியாய் மடித்துப் போட்டு மழையில் கொழுந்து எடுப்பார்கள். ராத்திரி அதே ஈரக் கம்பளிதான் பிள்ளைக்குப் போர்வை. அது சும்மா வந்ததும் இல்லை. அந்தக் காசும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். கண்டிக்குக் கூட்டிப்போன வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் சேர்ந்து கடன். அந்தக் கடனை எழுதின சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அடுத்த தோட்டத்துக்காரன் துண்டுக் கடனை அடைத்தால்தான் ஆள் அங்கே போக முடியும். 1921ல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். கடன் என்றால் என்ன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதாமாதம் கூடி உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் போர்வைக்காகக் கட்டுண்டு கிடந்த கணக்கு அது.

குளிர் தாங்காமல் லயத்துக்குள்ளேயே அடுப்பு மூட்டினார்கள். புகை போக வழியில்லை. சளி, இருமல், நிமோனியா காய்ச்சல் என்று பிள்ளைகள் விழுந்தன. அப்போது துரைமார்கள் பேசினதையும் எழுதி வைத்ததையும் பார்த்தால், கூலிக்காரர்களின் பழக்கவழக்கம் சரியில்லை, அசுத்தம், அதனால் நோய் என்கிற பேச்சு திரும்பத் திரும்ப வரும். ஜன்னலே வைக்காமல் கட்டினது யார் என்ற கேள்வி அவ்வளவாக வராது. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

(இன்றைக்கும் அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. இந்திய அரசு உதவியில் முதலில் 4,000 தனி வீடுகள், பிறகு 2017ல் இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார்கள். கட்டிக் குடியேறினவர்களும் இருக்கிறார்கள், காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.)

சரி, சுவர் ஏன் வேர்க்கிறது? ஐஸ் பெட்டியிலிருந்து கலர் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தால் பாட்டிலுக்கு வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் பூக்கிறதே, அது பாட்டில் ஒழுகுவது இல்லை. காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. அங்கே சுவரும் ஜன்னல் கண்ணாடியும் அந்தப் பாட்டில் மாதிரி. நாம் சோறு வடிக்கிற ஆவி, குளிக்கிற வெந்நீர் ஆவி, அறைக்குள் காயப்போட்ட துணி, தூங்குகிறவர்களின் மூச்சு எல்லாம் போய் அதில் ஒட்டும். அந்த ஈரத்தில் பூசணம் வளரும்.

நம் ஊர் வீடு வெயிலுக்கென்று கட்டினது. ஓட்டு வீடாக இருந்தால் எரவாணத்திலும் ஓட்டிடுக்கிலும் காற்று போய்க்கொண்டே இருக்கும். கதவு பகல் பூராவும் திறந்தே கிடக்கும். அங்கே போன பிள்ளை குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கைக்கூடத் துணி வைத்து அடைக்கும். ஹீட்டர் போட்டால் பில் ஏறும் என்று அதையும் அணைத்து வைக்கும். வாடகையைப் பங்கு போட ஒரே அறையில் நாலைந்து பேர். அப்புறம் சுவர் வேர்க்காமல் என்ன செய்யும்?

இதில் பிள்ளைகள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. சமைக்கும்போது பாத்திரத்தை மூடணும், புகைபோக்கி விசிறியைப் போடணும். காலையில் குளிராக இருந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைக்கணும். கட்டிலையும் பீரோவையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடணும். துணியை ஜன்னல் உள்ள அறையில் போட்டு, அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவிடணும். கண்ணாடியில் தண்ணீர் நின்றால் துடைத்துப் பிழிந்துவிடணும்.

ஆனால் கூரை ஒழுகினால், குழாய் கசிந்தால், சுவர் அடியிலிருந்து ஈரம் ஏறினால், அறைக்கு விசிறியோ திறக்கிற ஜன்னலோ இல்லாவிட்டால், எத்தனை துடைத்தாலும் போகாது. அது வீட்டின் கோளாறு. வீட்டுக்காரர்தான் சரிசெய்ய வேண்டும்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். சூடான் நாட்டிலிருந்து போன ஒரு தம்பதி, சமூக வீட்டு வசதி நிர்வாகம் ஒன்றின் சிறிய வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். சமையலறையிலும் குளியலறையிலும் பூசணம். அப்பா 2017லேயே சொன்னார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. ஊறுகாய் ஜாடியில் பூசணம் பிடித்தால் மேலே எண்ணெய் ஊற்றி மூடிவைத்துச் சாப்பிடுவோமா? அதற்கப்புறம் பிள்ளை பிறந்தது, அவாப் இசாக் என்று பெயர். திரும்பத் திரும்பப் புகார் சொல்லியும் வேலை நடக்கவில்லை. 2020 டிசம்பரில் அந்தப் பிள்ளை மூச்சுத் தொல்லையில் இறந்துபோனது. இரண்டு வயது நிறைந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பூசணத்தோடு நெடுநாள் வாழ்ந்ததுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார்.

ஏன் வேலை நடக்கவில்லை தெரியுமா? அந்தக் குடும்பம் வாழ்கிற முறைதான் ஈரத்துக்குக் காரணம் என்று நிர்வாகத்தில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சமைக்கிற விதம், வாளியில் தண்ணீர் வைத்துக் குளிக்கிற பழக்கம் என்றெல்லாம் பேச்சு வந்திருக்கிறது. வாளியில் மொண்டு குளிக்காதவர்கள் இந்த மண்டபத்தில் யாராவது இருக்கிறோமா? நூறு வருடத்துக்கு முன் லயத்தில் கேட்ட அதே பேச்சு, சீமையின் நடுவிலேயே கேட்டிருக்கிறது.

அந்தப் பெற்றோர் விடவில்லை. பிள்ளையின் பெயராலேயே 'அவாப் சட்டம்' வந்தது. 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் சமூக வீடுகளுக்கு அது நடைமுறையில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் 24 மணி நேரத்தில் சரிசெய்யணும். ஆபத்தான ஈரம், பூசணம் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்த்து, அதிலிருந்து 5 வேலை நாளுக்குள் ஆபத்தை நீக்கணும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இருப்பது தனியார் வாடகை வீட்டில். அவற்றுக்கும் இதை விரிவாக்க 2025லேயே இன்னொரு சட்டம் வழி செய்திருக்கிறது. அதுவரைக்கும் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்த ஊர் கவுன்சிலில், அதாவது நம் நகராட்சி மாதிரி இருக்கிற இடத்தில், புகார் கொடுத்தால் வந்து பார்வையிடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்ற அமைப்பு காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறது.

போனில் சொன்னேன் என்பது நிற்காது. நம் குழுவில் தீர்மானப் புத்தகம் எதற்கு வைத்திருக்கிறோம்? அதே காரணம்தான். தேதியோடு போட்டோ எடுக்கணும், எழுத்தில் அனுப்பணும், அனுப்பினதற்கு நகல் வைக்கணும். வேலை கொடுத்தவரே வீடும் கொடுத்திருந்தால் பிள்ளைக்கு வாய் திறக்கப் பயமாகத்தான் இருக்கும். அப்போது முதலில் ஆலோசனை கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லணும். குளிருக்கு அறைக்குள் கரி நெருப்பு வேண்டவே வேண்டாம். பிள்ளைக்குச் சாம்பிராணி போடுகிறேன் என்று மூடின அறையில் கங்கு வைப்பதும் வேண்டாம். கரிப்புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். தூர தேசம் எதற்கு, 2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலில் தங்க வந்த இரண்டு பேர், அறைக்குள் இருந்த அடுப்புக்கரிப் புகையில் தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

நம்மிடம் வந்து சேர்ந்தவர்களையும் சொல்லணும். தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் எத்தனை வருடம் ஒழுகுகிற கூரையில் இருந்தார்கள் என்று அந்தப் பக்கத்து உறுப்பினர்களுக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 புது வீடுகள் திறந்தார்கள். ஓலையும் தகரமும் போய்க் காங்கிரீட் வந்தபிறகு, அந்தப் பெண்களின் சுத்தத்தைப் பற்றி யாராவது பேசுகிறார்களா?

இனி கடன் விஷயம். இங்கிலாந்துக்குக் கேர் ஒர்க்கர், அதாவது முதியோர் பராமரிப்பு வேலை விசா 2022ல் திறந்தார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22ல் நிறுத்திவிட்டார்கள். அந்த வேலை வாங்கித் தருகிறேன் என்று இப்போது எந்த ஏஜென்ட் வந்தாலும் பணம் கட்டாதீர்கள். நர்ஸ் வேலை, படிப்பு இவை வேறு. அவற்றுக்கும் ஆர்டர் காகிதத்தைக் குழுவில் வைத்துப் படித்துப் பார்த்த பிறகுதான் கடன்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற உறுப்பினர்கள் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், ஜன்னல் திறக்கிறதா, சுவர் காய்ந்திருக்கிறதா. "சாப்பிட்டியா" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். வீடியோ காலில் கட்டிலுக்குப் பின்னால் காட்டச் சொல்லிப் பாருங்கள்.