காப்புப்படியும் காந்த நாடாவும்



சுங்கை ஆயர் தாவாரில் காந்த நாடாவைப் பற்றி ஏன் பேச வேண்டும் எனச் சிலர் எண்ணக்கூடும். வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர் விட்டுச்சென்ற எழுத்துகளில் பெரும்பாலானவை நூல்கள் அல்ல. பள்ளி வருகைப் பதிவேடு, கோயில் திருவிழா அழைப்பிதழ், நாடக அறிவிப்பு, சம்பளச் சீட்டு போன்றவையே. தோட்டம் கைமாறி லயங்கள் இடிக்கப்படும்போது இவை குப்பையோடு போய்விடும். எஞ்சியவற்றைப் படமெடுத்துக் கணினியில் சேர்த்தவுடன், இனி அச்சமில்லை என்று மனம் நிறைகிறது. ஆனால் அந்தப் படங்கள் ஒரே வட்டில் இருக்குமானால், ஆபத்து தாளிலிருந்து வட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அந்த இழப்பு நமக்கு உணர்த்தியது, படிகள் பல இடங்களில் இருக்க வேண்டும் என்பது. அது மட்டும் போதுமா? 2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தின் ஜிமெயிலில் ஒரு மென்பொருட் பிழை நுழைந்தது. பயனர்களுள் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்தன. படிகள் பல நிலையங்களில் இருந்தும் பயனில்லை. பிழை அவற்றையும் தொட்டுவிட்டது. இறுதியில் அவை மீட்கப்பட்டது காந்த நாடாக்களிலிருந்து. இயக்கியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த நாடாவை எந்த மென்பொருளும் எட்ட முடியாது என்பதே காரணம்.

ஆயினும், அந்த நாடாவை எழுதும் கருவியைத் தவறாக அமைத்தால் நாமே அதனை அழித்துவிடுவோம். இதனைச் சற்று விரிவாகக் கூற வேண்டும்.

லினக்ஸ் இயங்கும் காப்பு வழங்கியில் ஒரே நாடா இயக்கிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று எஸ்டி0, மற்றொன்று என்எஸ்டி0. முதற்பெயரால் அழைத்தால், வேலை முடிந்ததும் நாடா தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். இரண்டாம் பெயரால் அழைத்தால், நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னால் இருக்கும் ஒற்றை எழுத்தில்தான் வேறுபாடு. திங்கட்கிழமை எழுதிய காப்புப்படியைத் தொடர்ந்து செவ்வாய்க்கிழமைப் படியை எழுத நினைத்து முதற்பெயரைப் பயன்படுத்தினால், செவ்வாய் திங்களின்மேல் ஏறிவிடும். பேழையின் உறையில் ஏழு நாள்களின் பெயர் இருக்கும். உள்ளே கடைசி நாள் மட்டும் இருக்கும். கருவி எந்தப் பிழைச் செய்தியும் தராது. அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. நாடாவில் எழுதி முடிக்கும் இடத்தில் 'தரவு முடிவு' என்னும் குறி பதியும். அக்குறிக்கு அப்பால் இருப்பதை இயக்கி படிக்க மறுக்கும். ஆகவே நிறைந்த நாடாவின் தொடக்கத்தில் ஒரு சிறு கோப்பு தவறி எழுதப்பட்டாலும், பின்னாலுள்ள அனைத்தும் நம் கைக்கு எட்டாது. எல்.டி.ஓ. எட்டாம் தலைமுறைப் பேழை 12 டெராபைட் கொள்ளும். (உறையில் 30 என்றும் அச்சிட்டிருப்பார்கள். அது சுருக்கிய கணக்கு. ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒளிப்படங்களுக்கு அது பொருந்தாது.) எனவே எழுதி முடித்த பேழையின் மூலையிலுள்ள சிறு தடுப்பை உடனே பூட்டு நிலைக்குத் தள்ளிவிட வேண்டும். இதற்குச் செலவு எதுவுமில்லை.

இரண்டு இயக்கிகள் இருந்தால், வழங்கியை மறுமுறை இயக்கும்போது பூச்சியமும் ஒன்றும் இடம் மாறக்கூடும். ஆதலால் இயக்கியின் தொடரெண்ணைக் கொண்ட நிலையான பெயரையே அமைப்பில் எழுதுக. இயக்கியில் எழுதும் உரிமை காப்புப் பணிக்கென உள்ள ஒரே கணக்குக்கு மட்டும் இருக்கட்டும். பள்ளிக் கணினிகளிலிருந்து காப்பு வழங்கி தரவை இழுத்துக்கொள்ள வேண்டுமே தவிர, அக்கணினிகள் காப்பு வழங்கிக்குள் நுழைய வழி இருக்கலாகாது. ஒரு கணினியில் புகுந்த தீநிரல் அங்கேயே நிற்க இதுவே அரண்.

நம் வட்டாரத்துக்கே உரிய தொல்லை ஈரப்பதம். நெடுங்காலம் வைக்கும் பேழைகளுக்கு 16 முதல் 25 பாகை செல்சியசும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும். இக்கடலோரத்தில் ஈரப்பதம் அடிக்கடி 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பள்ளி நூலக அலமாரி இதற்கு ஆகாது. ஒன்பதாம் தலைமுறைப் பேழை முதன்முறை இயக்கியில் நுழையும்போது, அச்சூழலுக்கேற்பத் தன்னை அளவிட்டுக்கொள்ள இரண்டு மணிநேரம் வரை ஆகலாம். பழுதென்று எண்ணி இடையில் பிடுங்கிவிட வேண்டா. வெளியிலிருந்து கொண்டுவந்த பேழையை ஒரு நாள் அவ்வறையிலேயே வைத்திருந்து பின்னர்ப் பயன்படுத்துக. பஞ்சும் சாராயமும் கொண்டு இயக்கியைத் துடைக்கும் பழைய வழக்கமும் கூடாது. இயக்கி கேட்கும்போது துப்புரவுப் பேழையைச் செலுத்தினால் போதும்.

இயக்கியின் விலை பல்லாயிரம் ரிங்கிட். ஒரு பள்ளிக்கு இது கட்டுப்படியாகாது என்பதை மறைப்பதற்கில்லை. பல பள்ளிகளும் கோயில் நிருவாகங்களும் கூடி ஒன்றை வாங்குவதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து.

அவ்வாறு வாங்கினால், மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு பேழையை எடுத்து, அதிலுள்ள ஒரு பதிவேட்டை வேறொரு கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். இப்பணியை மாணவர் குழுவிடம் தாராளமாக ஒப்படைக்கலாம். நாடாவில் மறையாக்கம் செய்திருந்தால், அதன் திறவுச்சொல்லைத் தாளில் அச்சிட்டு உறையிலிட்டு, நாடாக்கள் இல்லாத வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். பொறுப்பாசிரியர் மாறும் நாளில் அவ்வுறையும் கையொப்பத்தோடு கைமாறட்டும்.