எதிரிக்கும் ஒரு மரியாதை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "எதிரியை மதிக்கலாமா?" என்பது. இதைக் கேட்டதும் எங்க குழுவிலேயே ஒரு அக்கா, "நம்மளை மதிக்காதவங்களை நாம எதுக்கு மதிக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த வரைக்கும் பதில் சொல்கிறேன்.

2011 டிசம்பர் மாசத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. முல்லைப் பெரியாறு தகராறு முற்றிப் போனது. குமுளியில் கலவரம். எல்லைப் பாதைகள் அடைபட்டன. ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை பார்த்த நம்ம சனம், கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதை வழியாக இறங்கி வந்தது. பெண்களிடம் தப்பாக நடந்துகொண்டார்கள் என்ற புகார்களும் வந்தன. இந்தப் பக்கம் மட்டும் சும்மா இருந்தோமா? மலையாளிகளின் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். அந்தக் கடைக்காரருக்கும் அணைக்கும் என்ன சம்பந்தம்?

அந்த நாட்களில் போடிமெட்டுக்கு ஜீப் ஏறவில்லை. செடியில் காய் பழுத்து நின்றது, எடுக்க ஆளில்லை. இங்கே நம் வீட்டில் கூலி இல்லை, சங்கத்துக்குச் சந்தா கட்ட வழியில்லை. மேக்கே விளைகிற காய் போடி ஏல மையத்துக்கும் வருகிறது, புத்தடிக்கும் போகிறது. அவங்க தோட்டமும் நம்ம கையும் சேர்ந்தால்தான் ரெண்டு பக்கமும் அடுப்பு எரியும். இது தெரிந்திருந்தும் கோபம் வந்தால் மறந்து போகிறது.

சரி, தண்ணீர் எப்படிக் கிடைத்தது? இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லணும். 1895-ல் கட்டி முடித்த அணை அது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று 5 மாவட்டம் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு, உப்புத்தறை பக்கத்திலும் நம்மைப் போல பிள்ளைகுட்டிக்காரர்கள்தான் இருக்கிறார்கள். மழை வலுத்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது. அந்தப் பயம் அவர்களுக்கு உண்மையான பயம். 1979-ல் நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு நம் பொறியாளர்கள் அணையின் தலையில் கான்கிரீட் போட்டார்கள், இரும்புக் கம்பிவடம் இறக்கிப் பாறையோடு சேர்த்துக் கட்டினார்கள், பின்பக்கம் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். முன்னாள் தலைமை நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு சோதித்துப் பார்த்து, அணை பாதுகாப்பாக இருக்கிறது என்றது. 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த நவம்பரிலேயே தண்ணீர் 142 அடியைத் தொட்டது.

கடை உடைத்த கல்லால் ஒரு அடி தண்ணீர்கூட ஏறவில்லை. எதிர்த்தரப்பு என்ன கேள்வி கேட்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்று காது கொடுத்துக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கணக்கோடு பதில் வைத்ததால்தான் ஏறியது. எதிரியை மதிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். அவன் முட்டாள் என்று நினைத்துவிட்டால் அவன் பேச்சைக் கேட்க மாட்டோம். கேட்காவிட்டால் பதிலும் கிடைக்காது.

இன்னொரு சேதி. 1913-ல் தென்னாப்பிரிக்காவில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டிய தாலிக்கு மதிப்பில்லை என்றால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? தமிழ்ப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தபோது அவளுக்கு 16 வயசு. அந்த அரசாங்கத்தில் காந்தி எதிர்த்து நின்ற அமைச்சர் ஸ்மட்ஸ். அவருக்குத்தான் காந்தி சிறையில் தன் கையால் ஒரு ஜோடி செருப்புத் தைத்துக் கொடுத்தார். அதற்காகப் போராட்டத்தைக் கைவிடவில்லை. 1914-ல் அந்தக் கல்யாணங்களை ஏற்றுச் சட்டம் வந்தது. ஸ்மட்ஸ் அந்தச் செருப்பைப் பல வருஷம் போட்டுவிட்டு, காந்தியின் 70-ஆவது பிறந்தநாளுக்குத் திருப்பி அனுப்பினார். அதைப் போடத் தனக்குத் தகுதியில்லை என்றும் எழுதினார்.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்காதீங்க. மரியாதை வேறு, பொறுத்துப் போவது வேறு. கை நீட்டி அடிக்கிற புருஷனிடமும், தோட்டத்தில் தப்பாகப் பேசுகிற ஆளிடமும் "மதிக்கிறேன்" என்று வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. 181-க்குப் போன் போடுங்க, புகார் எழுதிக் கொடுங்க. ஆனால் புகாரில் நடந்ததை மட்டும் எழுதுங்க. ஒன்றை ரெண்டாக்கி எழுதினால் நம் உண்மையும் பொய்யாகிவிடும்.

2011-ல் எனக்கு 6 நாள் கூலி பாக்கி நின்றது. பாதை திறந்ததும் நாங்கள் நாலு பேர் மேலே போனோம். அந்தக் கணக்குப்பிள்ளை மேல் எங்களுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் ஏசவில்லை. "சேட்டா, எங்க நோட்டில் இத்தனை நாள் இருக்கு, உங்க நோட்டைக் காட்டுங்க" என்றோம். ரெண்டு நோட்டையும் வைத்துப் பார்த்தார். பணம் வந்தது. எல்லா இடத்திலும் இப்படி வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏசிவிட்டு வந்திருந்தால் காசும் இல்லை, அடுத்த வேலையும் இல்லை.

கடைசியாக நம் வீட்டுக்குள்ளேயே வருகிறேன். குழுவுக்குக் குழு சண்டை இருக்கு. கடன் யாருக்கு முதலில், பிரதிநிதி யார், எந்தத் தெருக்காரங்க பேச்சு எடுபடுது என்று முகம் பார்க்காமல் இருக்கிறவர்கள் இந்தப் பந்தலிலேயே உட்கார்ந்திருக்கீங்க. அதனால் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இனிமேல் தீர்மானப் புத்தகத்தில் முடிவை மட்டும் எழுதி மூடிவிடாதீங்க. யார் வேண்டாம் என்றார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் ரெண்டு வரி எழுதுங்க. எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானே அக்கா?" என்று கேளுங்க. அப்புறம் கையெழுத்து வாங்குங்க. தோற்றுப் போனவர்களும் அடுத்த கூட்டத்துக்கு வருவார்கள். அவர்கள் சந்தாவும் வரும்.

 இந்த வேண்டுகோளை இன்றைய கூட்டத்திலேயே தீர்மானமாக வைக்க ஊக்குநர் அக்காவை அழைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் தாராளமாகப் பேசலாம், அதையும் எழுதிக்கொள்வோம்.