ஒட்டி வைத்ததும் விட்டு வந்ததும்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் வகுப்பிலிருந்து ஒரு வைத்தியர் பேச வருகிறார் என்றதும் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை உங்களுக்கு நினைவூட்ட உங்கள் குடும்ப வைத்தியர்கள் இருக்கிறார்கள். இன்று நாங்கள் பேச வந்திருப்பது பசை, கத்தரிக்கோல், பழைய புகைப்படங்கள் பற்றி. ஸ்கிராப் புக் என்று நாம் அழைத்த ஒட்டுப் புத்தகம் பற்றி. அந்தப் பொழுதுபோக்கைச் சார்ந்து எங்கள் வகுப்புத் தோழிகள் சிலர் இணையத்தில் செய்துவரும் சிறு வியாபாரம் பற்றியும் சொல்வோம். முடிவில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் இங்கே படித்தவர்களுக்கு அந்த நாட்கள் தெரியும். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அப்போதும் சமூகக்கல்விக்கும் விஞ்ஞானத்துக்கும் படம் வெட்டி ஒட்டிக் கொண்டுவரச் சொல்வார்கள். பழைய பத்திரிகையும் தீப்பெட்டி மட்டையும் கலண்டர் தாளும் எங்கள் மூலப்பொருட்கள். கடைப் பசை கிடைக்காதபோது கோதுமை மாவில் கூழ் காய்ச்சினோம். மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது வேலியோரத்து நறுவிலிப் பழம் கைகொடுத்தது. அதைப் பிதுக்கித் தேய்த்தால் எந்தக் கம்மையும் விட நன்றாக ஒட்டும். எறும்பு வருவதும் நிச்சயம். அந்தக் கொப்பிகளின் பின்பக்கங்களில்தான் எங்கள் சொந்த ஒட்டுப் புத்தகங்கள் தொடங்கின: மிட்டாய்த் தாள், விளையாட்டுப் போட்டி இல்லத்து நாடா, காய்ந்த பூ, யாரோ ஒரு தோழியின் கையெழுத்து.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தோம். வீட்டுக்கு வீடு எடுத்துச் சென்ற பொருட்கள் ஏறக்குறைய ஒன்றே. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கொஞ்சம் நகை, அரிசி, ஒரு பாய். அல்பங்கள் பாரமானவை, அதனால் அலுமாரியில் விட்டு வந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்களில் சிலருக்கு அலுமாரி இருந்தது, அல்பம் இல்லை. சிலருக்கு வீடே இல்லை.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி பின்னாளில் போரில் இறந்துபோனார். குடும்பமும் பல தடவை இடம்பெயர்ந்தது. சில வருடங்களின் முன் நாங்கள் சிலர் அவரின் தாயாரைப் பார்க்கப் போனோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளையின்ர படம் ஒண்டு ஆரிட்டையாவது இருக்கோ?" வட்ஸ்அப் குழுவில் போட்டோம். ஆறு நாடுகளில் அலுமாரிகள் திறந்தன. ஜேர்மனியில் இருக்கும் ஒரு தோழியிடம் இல்ல விளையாட்டுப் போட்டியில் எடுத்த படம் ஒன்று இருந்தது. மூன்றாவது வரிசையின் ஓரத்தில், பாதி முகம் திரும்பியபடி எங்கள் தோழி நிற்கிறார். அந்தச் சிறு பகுதியைப் பெருப்பித்துச் சட்டமிட்டுக் கொடுத்தோம். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தலை பின்னினது நான்தான்" என்றார்.

அந்தப் படம் தப்பியதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஜேர்மனித் தோழி அதைக் கொப்பியொன்றில் ஒட்டி, கீழே எல்லோருடைய பெயரையும் எழுதி வைத்திருந்தார். பெயர் எழுதியிருக்காவிட்டால் அந்தப் பாதி முகம் யாருடையது என்று எங்களுக்குள்ளேயே வாதம் வந்திருக்கும். ஒட்டுப் புத்தகத்தின் பயன் அலங்காரத்தைவிட இதில்தான் இருக்கிறது. படத்தையும் பெயரையும் ஒரே தாளில் சேர்த்து வைக்கிறது.

உலகம் இந்தப் பழக்கத்தை நெடுங்காலமாக அறியும். மார்க் ட்வெயின் என்ற எழுத்தாளர், பசை பூசப்பட்ட தாள்களைக் கொண்ட, நனைத்தால் ஒட்டும் ஒட்டுப் புத்தகம் ஒன்றுக்கு 1873 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பிலடெல்பியாவில் வாழ்ந்த வில்லியம் டோர்சி என்ற கறுப்பினத்தவர், தம் மக்களைப் பற்றிய பத்திரிகை நறுக்குகளை ஏறக்குறைய 400 ஒட்டுப் புத்தகங்களில் சேர்த்தார். வேறு யாரும் சேர்த்து வைக்காத வரலாறு அது. நியூயோர்க் மாநிலத்தில் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்த எலிசபெத் ஸ்மித் மில்லர், அன் மில்லர் என்ற தாயும் மகளும் 1897 முதல் 1911 வரை வைத்த ஒட்டுப் புத்தகங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. நிகழ்ச்சி நிரல், துண்டுப் பிரசுரம், கடிதம் என்று நாம் குப்பையில் போடும் காகிதங்கள்தான் அவற்றில் இருக்கின்றன.

எங்கள் மண்ணில் இதன் பொருளைத் தனியாக விளக்கத் தேவையில்லை. 1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்ததை எங்கள் அக்காமார் கண்ணால் கண்டவர்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இன்று எத்தனையோ பாடசாலை மலர்களைப் படிக்கலாம். அவற்றில் பல, யாரோ ஒருவர் வீட்டில் எறியாமல் வைத்திருந்ததால்தான் அங்கே சேர்ந்தன.

வைத்தியர்களாகவும் இதைப் பார்க்கிறோம். முதியவர்கள் பழங்கதை பேசுவதை ஒருகாலத்தில் மூளைத் தளர்ச்சியின் அறிகுறியாகவே கருதினார்கள். 1963 இல் ரொபேர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல வைத்தியர், வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது முதுமையின் இயல்பான, பயனுள்ள வேலை என்று எழுதினார். இன்று மறதிநோய் உள்ளவர்களுக்கு 'வாழ்க்கைக் கதைப் புத்தகம்' செய்து கொடுப்பது பல நாடுகளில் பராமரிப்பின் ஒரு பகுதி. அது நோயைக் குணப்படுத்தாது. ஆய்வுகள் காட்டும் நன்மையும் அளவானதே. ஆனால் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்த ஒருவர், நாற்பது வருடத்துக்கு முந்திய படத்தைக் கண்டதும் பேரும் ஊரும் சொல்வதை நாங்கள் விடுதிகளில் காண்கிறோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வயோதிபர் இல்லங்களில் எங்கள் அம்மாமார் இருக்கிறார்கள். பராமரிப்பவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் மறந்துவிட்டது. அங்கே கட்டிலருகில் இருக்கும் இருபது பக்கப் படப் புத்தகம் ஒன்று இருவருக்கும் இடையே பேச்சாகிறது. பெரிய எழுத்தில், இரண்டு மொழியிலும், ஒரு பக்கத்துக்கு ஒரு படம் போதும்.

இனிச் செய்முறை. எங்கள் காலநிலை காகிதத்துக்குப் பகை. மலிவான மரக்கூழ்த் தாளில் அமிலம் இருக்கிறது. பத்திரிகை மஞ்சளாகி நொறுங்குவது அதனால்தான். அருகில் இருக்கும் படத்தையும் அது கெடுக்கும். ஆகவே அமிலமற்ற தாள் என்று கேட்டு வாங்குங்கள். பத்திரிகை நறுக்கை ஒட்டாமல் நல்ல தாளில் பிரதி எடுத்து ஒட்டுங்கள். பி.வி.சி. பிளாஸ்ரிக் உறைகள் காலப்போக்கில் படத்தைத் தாக்கும் வாயுவை வெளிவிடும். பொலிபுரொப்பிலீன் அல்லது பொலியெஸ்ரர் உறை நல்லது. எண்பதுகளில் எல்லா வீட்டிலும் இருந்த, பசைக்கோடு போட்ட மட்டையின்மேல் பிளாஸ்ரிக் தாள் மூடும் அல்பத்தில் படம் ஒட்டிப் பிடித்திருந்தால் இழுக்க வேண்டாம். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்தின் அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுங்கள். வராவிட்டால் அப்படியே ஸ்கான் செய்து விடுங்கள்.

படத்தின் பின்புறம் குமிழ்முனைப் பேனாவால் எழுதினால் எழுத்து முன்பக்கம் புடைக்கும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வரும். மாரி காலத்தில் அல்பத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சிலிக்கா ஜெல் பையுடன் பெட்டியில் வையுங்கள். வெள்ளத்தில் நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்ட விடாமல் சுத்தமான குளிர்நீரில் அலசி, முகம் மேலே பார்க்கக் காயவிடுங்கள். இரண்டு நாளுக்குள் முடியாவிட்டால் உறைகுளிரில் வைத்தால் அவகாசம் கிடைக்கும். ஸ்கான் செய்யும்போது சிறிய படங்களுக்கு 600 டி.பி.ஐ. வையுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில். ஒரே இடத்தில் இருப்பதெல்லாம் ஒரே நாளில் போகலாம் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து வியாபாரம். எங்கள் தோழிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்திலும் ஒருவர் கொழும்பிலும் ஒருவர் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு, தாள், பசைநாடா, துளைக்கருவி, முத்திரை, ஸ்ரிக்கர், ரிபன் முதலியவற்றை முகநூல், இன்ஸ்டகிராம் வழியாக விற்கிறார்கள். தொடங்க நினைக்கும் தங்கைமாருக்காக அவர்கள் சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதலாவது, தாள் பாரமான பொருள், மடங்கவும் கூடாது. ஒட்டுப் புத்தகத் தாளின் வழக்கமான அளவு 12 அங்குலச் சதுரம். இருபக்கமும் தடித்த மட்டை வைத்துக் கட்டவேண்டும். அந்த மட்டையின் விலையும் கூரியர் செலவும் விலைக்குள் வரவேண்டும். இரண்டாவது, இங்கே பெரும்பாலானோர் பொருள் கைக்கு வந்தபின்தான் பணம் கொடுப்பார்கள். வாங்காமல் திருப்பினால் போக்குவரத்துச் செலவு விற்பவர் தலையில். உதாரணத்துக்கு, பொருளுக்கு 600 ரூபா, பொதிக்கு 150 ரூபா செலவழித்து 1,000 ரூபாவுக்கு விற்றால் 250 ரூபா இலாபம் போலத் தோன்றும். 400 ரூபா கூரியர் செலவோடு ஒரு பொதி திரும்பி வந்தால், அந்தச் செலவை அடைக்க இரண்டு பொதியின் இலாபம் வேண்டும். புதியவர்கள் இந்தக் கணக்கைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மூன்றாவது, அழகான பொருள் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கக் கூடாது. அலுமாரியில் கிடக்கும் ஸ்ரிக்கர் முடங்கிய பணம்.

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியபோது இறக்குமதித் தாள் வாங்குவதும் விற்பதும் முடியாமற் போனது. தோழிகள் கடையைப் பூட்டாமல் உள்ளூர்ப் பொருட்களுக்குத் திரும்பினார்கள். சாயமிட்ட பனையோலை நறுக்கு, கைத்தறித் துண்டு, பழைய சேலைக்கரை, கையால் செய்த கடதாசி ஆகியவற்றை அளவாக வெட்டி, குறிப்புடன் ஒரு பொதியாக்கினார்கள். ஓலை வெட்டுவதும் அடுக்குவதும் ஊரிலுள்ள சில பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. இன்று வெளிநாட்டில் அதிகம் கேட்பது அந்தப் பொதியைத்தான். அவுஸ்திரேலியா போன்ற நாடுகள் தாவரப் பொருட்களைக் கடுமையாகச் சோதிக்கும். பூச்சியில்லாமல் நன்கு உலர்த்தி, பொதியில் உண்மையை எழுதி அனுப்ப வேண்டும். இலங்கையிலிருந்து பேபால் வழியாகப் பணம் பெற முடியாத நிலை நீண்டகாலம் இருந்ததால், வெளிநாட்டுக் கணக்கை ரொறன்ரோத் தோழி பார்க்கிறார். இதில் வீடு கட்ட முடியாது. பிள்ளையின் ரியூஷன் காசுக்கு யாரிடமும் கை நீட்டாமல் இருக்கலாம் என்கிறார்கள். அது சிறிய விடயமல்ல.

இப்போது வேண்டுகோள். நூறு ஆண்டு, நூறு தாள். ஒவ்வொரு ஆண்டு வகுப்பும் 12 அங்குல அமிலமற்ற தாள் ஒன்றைத் தயாரித்துத் தாருங்கள். தாளை எங்கள் தோழிகள் இலவசமாகத் தருகிறார்கள். படம் ஒன்றானாலும் போதும். இடமிருந்து வலமாகப் பெயர், ஆண்டு, இடம், தெரிந்தால் படம் எடுத்தவர். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். மூலப்படத்தைத் தரவேண்டாம். பிரதியைத் தந்து, மூலத்தை வீட்டில் வையுங்கள். முழுத் தொகுப்பும் ஸ்கான் செய்யப்பட்டு எண்ணிம நூலகத்துக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் படித்த அக்காமாரிடமும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளிடமும் இந்த வாரமே போய் உட்காருங்கள். படத்தில் இருப்பவரை அடையாளம் காட்டக் கூடியவர்கள் அவர்கள்தான். இங்கே இருக்கும் மாணவிகள் கைபேசியுடன் அவர்களுக்கு அருகில் இருந்தால் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

1990 முதல் 1996 வரையான தாள்கள் எளிதில் நிரம்பமாட்டா. அவற்றுக்கான இடத்தை அப்படியே விட்டு வைக்கும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம். ஒஸ்லோவிலோ சிட்னியிலோ ஒரு பெட்டியின் அடியில் இன்னும் ஒரு படம் இருக்கக் கூடும். ஊருக்கு வரும்போது கொண்டு வாருங்கள்.