நடையா, ஆசனமா?

ஆண்டாப் ஹில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் வாழும் நாங்கள் வைகறையில் இரு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறோம். வேகநடையே சர்க்கரையைக் குறைக்கும் என்பது ஒரு கட்சி. யோகாசனமே குறைக்கும் என்பது மற்றொரு கட்சி. "எனக்குக் குறைந்தது" என்பதே இரு சாராரும் காட்டும் சான்று. இந்த வாதத்தைக் கேட்டுக் குழம்பிய நண்பர் ஒருவர், பல்லாண்டுகளாக நடந்துவந்த நடையை விட்டார், ஆசனத்தையும் தொடங்கவில்லை. அவரோ நீரிழிவின் வாயிலில் நிற்பவர்.

ஒருவருக்குச் சர்க்கரை குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். அது பயிற்சியாலா, இனிப்பைக் குறைத்ததாலா, தற்செயலாலா? புள்ளியியலார் இதை ஆராய ஒரு வழி வகுத்துள்ளனர். "இரண்டிற்கும் வேறுபாடு இல்லை" என்று முதலில் கொள்வர். இதுவே இன்மைக் கருதுகோள். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரை நிரபராதியாகக் கருதும் நீதிமன்ற மரபை ஒத்தது இது.

பத்துப் பேர் இரு பயிற்சிகளையும் மாதத்திற்கு ஒன்றாகச் செய்கின்றனர். எது முதலில் என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்கின்றனர் என்று கொள்வோம். எட்டுப் பேருக்கு நடையில் மிகுதியாகக் குறைந்தால் நடை வென்றதா? பத்து நாணயங்களைச் சுண்டினால், எட்டோ அதற்கு மேலோ ஒரே பக்கமாக விழும் வாய்ப்பு நூற்றுக்கு 11. தற்செயலை விலக்க அது போதாது. ஒன்பது பேரானால் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 2 தான். நூற்றுக்கு 5க்குக் கீழே இருந்தால் கருதுகோளைத் தள்ளுவது வழக்கம்.

மொழிபெயர்ப்பாளராகிய நாம் இங்கே ஒரு சொல்லில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். "மெய்ப்பிக்கப்படவில்லை" என்பது "பொய்" என்று பொருள்படாது. எட்டுப் பேர் கதையில் இரண்டும் சமம் என்று கூறிவிட முடியாது. இன்னும் பலரைச் சோதிக்க வேண்டும் என்பதே முடிவு.

சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இத்தகையது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாக்கினர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவுக் கட்டுப்பாடும் அரைமணி வேகநடை போன்ற உடலுழைப்பும் மேற்கொண்ட பிரிவில் ஏறத்தாழ 39 பேருக்கே வந்தது. இவ்வேறுபாடு தற்செயலாய் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 2க்கும் குறைவு.

ஆகவே, நடையா ஆசனமா என்னும் வழக்கில் எங்கள் குடியிருப்பு தீர்ப்பளிக்க இயலாது. செய்வதா, சும்மா இருப்பதா என்னும் வழக்கில் தீர்ப்பு முன்னரே வந்துவிட்டது. நாளை விடியலில் அந்த நண்பரின் கதவை இரு கட்சியாரும் சேர்ந்தே தட்டப் போகிறோம்.