மிளகைக் கொடுத்து வாங்கிய சேவை ஒப்பந்தம்



மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளில் உழைப்போருக்கு வர்த்தக ஒப்பந்தம் என்றால் சரக்கு ஒப்பந்தம்தான். இறக்குமதித் தீர்வை குறைந்தால் மிளகு விலையில் அது தெரிந்துவிடும். வங்கி, காப்பீடு, மென்பொருள், செவிலியர் பணி ஆகியவற்றுக்கும் அரசுகள் ஏன் ஒப்பந்தம் செய்கின்றன என்பது அவ்வாறு கண்ணுக்குத் தெரிவதில்லை.

சேவைக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. உரிமம், அந்நிய முதலீட்டு உச்சவரம்பு, விசா, பட்ட அங்கீகாரம் ஆகியவையே அதன் தடைகள். 1995இல் அமலான சேவை வர்த்தகப் பொது ஒப்பந்தப்படி, ஒரு நாட்டுக்குத் தரும் சலுகையை உலக வர்த்தக அமைப்பின் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தர வேண்டும். ஆனால், கணிசமான துறைகளை உள்ளடக்கிய ஒப்பந்தமாயின் சில நாடுகள் தமக்குள் மட்டும் சலுகை அளித்துக்கொள்ளலாம் என்று அதன் 5ஆவது பிரிவு வழிவிடுகிறது. அவ்வழியே முந்தி நுழையும் நிறுவனம் கிளைகளையும் வாடிக்கையாளரையும் கைப்பற்றிக்கொள்கிறது. இன்னொரு நோக்கமும் உண்டு. மக்கள் எதிர்க்கும் தாராளமயத்தைச் சர்வதேச உடன்பாட்டில் பூட்டிவிட்டால், அடுத்து வரும் அரசும் அதை எளிதில் மாற்ற இயலாது.

2005இல் கையெழுத்தான இந்திய-சிங்கப்பூர் ஒப்பந்தத்தைப் பாருங்கள். டிபிஎஸ், யுஓபி, ஓசிபிசி ஆகிய சிங்கப்பூர் வங்கிகளுக்கு இந்தியாவில் கிளை திறக்கும் தனிச் சலுகை அதிலேயே எழுதப்பட்டது. செவிலியரின் தகுதியை அங்கீகரிப்பதோ பின்னர் பேசப்பட வேண்டியதாக விடப்பட்டது. அதற்கான உடன்பாடு 2018இல்தான் வந்தது. மூலதனத்துக்கு உடனே திறந்த கதவு, கேரளமும் தமிழகமும் உருவாக்கும் செவிலியருக்கு 13 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2020 நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் கைக்குப் போயிற்று. அதைச் செய்தது ஒப்பந்தமல்ல, ரிசர்வ் வங்கியின் பரிந்துரையில் ஒன்றிய அரசு. எனினும் ஏற்கெனவே உள்ளே இருந்த வங்கிக்கே அது வாய்த்தது.

ஆசியான் ஒப்பந்தத்தின் கணக்கு இன்னும் கொடியது. 2009 ஆகஸ்ட் 13இல் சரக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2019க்குள் மிளகுத் தீர்வையை 70இலிருந்து 50 சதவீதமாகவும், தேயிலை, காப்பித் தீர்வையை 100இலிருந்து 45 ஆகவும், கச்சா பாமாயில் தீர்வையை 80இலிருந்து 37.5 ஆகவும் குறைக்க டெல்லி இசைந்தது. அக்டோபர் 2இல் இடது ஜனநாயக முன்னணி காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி அமைத்தது. சரக்கில் விட்டதைச் சேவையில் பிடிக்கலாம் என்பதே அன்று சொல்லப்பட்ட சமாதானம். அந்தச் சேவை ஒப்பந்தம் அமலானது 2015 ஜூலையில். சரக்கு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ஐந்தரை ஆண்டுகள் கழித்து! விட்டவர் இடுக்கியின் மிளகு விவசாயி. பிடிக்கக் காத்திருந்தவை பெரும் மென்பொருள் நிறுவனங்கள்.

வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஆயினும் இவ்வொப்பந்தங்களுக்கு மாநிலங்களின் இசைவு கேட்கப்படுவதில்லை. நாடாளுமன்ற ஒப்புதலும் தேவையில்லை. கையெழுத்திடும் முன்பே வரைவை நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தோட்டத் தொழிலாளரிடமும் செவிலியரிடமும் வங்கி ஊழியரிடமும் ஒருசேரக் கொண்டுசெல்ல வேண்டும்.