பஞ்சர் ஒட்டுவதா, டயரையே மாற்றுவதா?



டிராக்டர் டயரிலே காற்று இறங்கிவிட்டது. ஒட்டிப் போடலாமா, புதுசு வாங்கணுமா? ஓட்டை பெரிசா சின்னதா என்று பார்ப்பதைவிட, எந்த இடத்திலே விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

அதற்கு முன்னாலே ஒரு சங்கதி. காற்று இறங்கினது தெரிந்ததுமே வண்டியை நிறுத்திவிடுங்கள். "கொட்டகை பக்கத்திலேதானே இருக்கு" என்று உருட்டிக்கொண்டு போனால், ரிம்முக்கும் தரைக்கும் நடுவிலே டயர் நசுங்கி உள்ளே இருக்கிற நைலான் நூல் அறுந்துபோகும். முள் செய்யாத சேதத்தை அந்த 200 அடி தூரம் செய்துவிடும்.

தரையிலே படுகிற பாகத்தில் சீமைக் கருவேல முள்ளோ ஆணியோ ஏறியிருந்தால் கவலை வேண்டாம். டியூபுக்குப் பேட்ச் போட்டால் போதும். மூன்றாம் நாளே மறுபடி காற்று இறங்குகிறதே என்று சிலர் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நிற்பதுதான் பெரும்பாலும் காரணம். டியூபை எடுத்ததும் டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் சுற்றித் துடைக்கச் சொல்லுங்கள். முள் இருந்தால் துணி சிக்கிக் காட்டிக் கொடுத்துவிடும். வெறும் விரலால் தடவினால் விரல்தான் கிழியும்! ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட டியூபானால் டியூபை மட்டும் மாற்றுங்கள். பின் டயரிலே தண்ணீர் நிரப்பியிருந்தால் கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பக்கவாட்டுக் கதை வேறு. துவரைக் கட்டையோ, கூரான கல்லோ கீறி மேல் ரப்பர் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால், பார்த்துக்கொண்டே ஓட்டலாம். வெட்டை விரித்துப் பார்த்து நூல் அறுந்திருந்தாலோ, காற்றடித்ததும் அந்த இடம் கொழுக்கட்டை மாதிரி புடைத்தாலோ நம்பாதீர்கள். பின் டயரிலே சின்ன வெட்டு என்றால் வல்கனைசிங் கடையில் சூடேற்றி ஒட்டி, உழவுக்கு மட்டும் ஓட்டுகிறவர்கள் உண்டு. முன் டயரிலும் டிரெய்லரிலும் அது கூடவே கூடாது. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை மீறி இழுக்கும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிரெய்லரில் ஒரு பக்கம் வெடித்தால் பாரம் அந்தப் பக்கமே சாயும். ரோட்டோரத்தில் சைக்கிளில் வருகிறவர் என்ன ஆவார்? ரிம்மோடு சேருகிற ஓரத்தில் கம்பி வெளியே தெரிந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

தேய்ந்த டயருக்குப் பெரிய ஒட்டுவேலை பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. மண்ணைப் பிடிக்கிற கட்டைகள் மழுங்கினால் சேற்றிலே சக்கரம் சுழலும், டீசல் வீணாகும். பின் டயர் ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டுக்கும் உயரம் வித்தியாசப்படும். முடிந்தால் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒரே அளவு, ஒரே வகையாக இருக்கட்டும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டிலே 4 இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. கடையிலே பல வருஷம் கிடந்த டயரைப் புதுசு விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.