ஏவலாளும் பணப்பையும்



தாமிரபரணி கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னே, அதன் கரையில் அமைந்திருப்பது எங்கள் ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர்பெற்ற ஊர். என் தந்தையாரும் கொடிக்கால் வைத்திருந்தார். என் இளமையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுகிறேன். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அதிலே அடங்கியிருக்கிறது.

எங்களிடம் பல்லாண்டுகள் பணிபுரிந்த ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து, கொடிக்காலுக்கு வேண்டிய புண்ணாக்கு வாங்கிவரத் தூத்துக்குடிக்கு அனுப்பினார் தந்தையார். அவர் பத்து மூட்டைகளோடு திரும்பினார். "ஆறு மூட்டைதானே சொன்னேன்?" என்றார் தந்தையார். "விலை மலிவாக இருந்தால் கூடுதலாக வாங்கிக்கொள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அண்ணாச்சி!" என்றார் அவர். இருவருமே பொய்யுரைக்கும் இயல்பினர் அல்லர். ஆயினும், சொன்னது இன்னதென்று காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பணம் போனது பெரிதன்று. மறுநாள் முதல் அந்த நல்ல மனிதர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

இன்று அதே ஏவலை மனிதரல்லாத ஒன்றிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கிறோம். செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, நாம் இட்ட பணியைத் தானே திட்டமிட்டு, இணையத்தில் தேடி, பொருளைத் தேர்ந்து, வாங்கியும் முடிக்கும் கணினி நிரல். அதனிடம் பணத்தை எவ்வாறு கொடுப்பது? 2025-ஆம் ஆண்டில் இவ்வினாவிற்குப் பல விடைகள் எழுந்தன. அவற்றுள் நான்கினை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, கையில் காசு கொடுத்தனுப்புவது. இணைய விதிகளில் 402 என்னும் எண், 'பணம் செலுத்த வேண்டும்' என்ற பொருளில் 1990-களிலேயே ஒதுக்கப்பட்டுப் பெரும்பாலும் பயனின்றிக் கிடந்தது. அதற்கு உயிர் கொடுத்து, காயின்பேஸ் நிறுவனம் 2025 மே மாதத்தில் 'எக்ஸ்-402' என்ற முறையை வெளியிட்டது. முகவர் ஒரு தகவலைக் கேட்கும். எதிர்ப்பக்கக் கணினி விலையைச் சொல்லும். முகவர் தன் பையிலுள்ள, டாலர் மதிப்போடு பிணைத்த மின்நாணயத்தைச் செலுத்திப் பெற்றுக்கொள்ளும். மிகச் சிறு தொகைகளுக்கு இது மிக ஏற்றது. ஆனால் கைமாறிய காசைத் திரும்பப் பெறுவது அரிது.

இரண்டாவது, ஒரே கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டு. ஓப்பன்ஏஐ, ஸ்ட்ரைப் ஆகிய இரு நிறுவனங்களும் அதே ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட முறை இது. நம் அட்டை எண் முகவருக்குத் தெரியாது. இன்ன கடை, இவ்வளவு தொகை, இன்ன காலம் என்று வரையறுத்த ஓர் அடையாளக் குறி மட்டுமே கொடுக்கப்படும். அது களவு போனாலும் இழப்பு அவ்வெல்லையைத் தாண்டாது.

மூன்றாவது, கையொப்பமிட்ட ஆணை. கூகுள் நிறுவனம் அதே செப்டம்பரில் அறிவித்த முறையில், 'இன்ன பொருளை, இன்ன விலைக்குள் வாங்குக' என்ற நம் கட்டளை, மாற்ற இயலாத மின்கையொப்பத்துடன் பதிவாகிறது. பின்னர் வழக்கு எழுந்தால், அப்பதிவே சாட்சி கூறும்.

நான்காவது நம் நாட்டினுடையது. இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம், ரேசர்பே, ஓப்பன்ஏஐ ஆகியவை 2025 அக்டோபரில் ஒரு சோதனை முயற்சியை அறிவித்தன. யுபிஐ வழியாக, ஒரு குறிப்பிட்ட வணிகருக்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்கலாம். பணம் நம் வங்கிக் கணக்கிலேயே இருக்கும். வாங்க வாங்க அதிலிருந்து கழியும். வேண்டாமெனில் ஒதுக்கீட்டை நீக்கிவிடலாம். முத்துக் குளிப்பவர் கடலடியில் தம் விருப்பப்படி சிப்பி தேடினாலும், அவர் கயிற்றின் மறுமுனை தோணியில் நிற்பவர் கையில் இருக்குமன்றோ? அது போன்றது இது.

இவற்றுள் எது சிறந்தது? முறையின் பெயரைக் கேளாதீர்கள். மூன்று வினாக்களைக் கேளுங்கள். எல்லை எவ்வளவு? சான்று எங்கே? அதிகாரத்தைத் திரும்பப் பெற வழி யாது? முதல் முறையில் பையிலுள்ள தொகையே பேரெல்லை. இரண்டாவதும் நான்காவதும் எல்லையை நன்கு வகுக்கின்றன. மூன்றாவது சான்றில் சிறக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்யுமாதலால், இவற்றை இணைத்துப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

இன்னொன்றும் உண்டு. வணிகர் பேச்சில் மயங்கிப் பணியாள் கூடுதலாக வாங்குவது போல, விற்பனைப் பக்கத்தில் மறைத்து வைத்த சொற்களால் முகவரும் ஏமாறக்கூடும். அப்போது காப்பது அதன் அறிவன்று. நாம் வகுத்த எல்லையே. மேலும், 'மலிவாக இருந்தால் கூடுதலாக' என்று தெளிவின்றி எழுதிக் கையொப்பமிட்டால், பதிவு அந்தத் தெளிவின்மையைத்தான் பாதுகாக்கும். எத்தனை மூட்டை, என்ன விலை என்று சொல்ல வேண்டிய கடமை ஏவுபவருடையது. அதனை எந்த இயந்திரமும் நமக்காக ஏற்காது.

உங்களுள் சிலர் நாளை இத்தகைய முகவர்களை உருவாக்குவீர்கள்; பலர் பயன்படுத்துவீர்கள். பணத்தை ஒப்படைக்குமுன் அந்த மூன்று வினாக்களையும் கேளுங்கள். 'ஆறு மூட்டை, மேல் வேண்டாம்' என்று என் தந்தையார் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த மனிதர் இறுதிவரை எங்கள் வீட்டில் ஒருவராக இருந்திருப்பார்.